மலாயாச் சடக்குகளில் அமெரிக்க வண்டிகள்

கோலாலம்பூர் நகரின் தென்பால் உள்ள பிரிக்பீல்ட்ஸ் தன் பிறப்பைப் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கும் இடம். 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீயும், இறுதியில் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாக இருந்த கடைவீடுகளை இனிச் செங்கல்லும் ஓடும் கொண்டே எழுப்ப வேண்டும் என்று, 1882இல் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். அதற்கு வேண்டிய களிமண் கிடைத்த இடம் இது. சூளைகள் எழுந்தன, வெந்த கற்களை மாட்டு வண்டிகள் நகருக்குச் சுமந்தன. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. காலப்போக்கில் சூளைகள் மறைந்தன. ரயில் யார்டும், ரயில்வே பணியாளரின் குடியிருப்புகளும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. யாழ்ப்பாணத்துத் தமிழரும் தமிழகத்துத் தமிழரும் அங்கே அண்டை வீட்டாராயினர்.

மாட்டு வண்டி ஒரு காலம், ரயில் ஒரு காலம். மூன்றாவது காலம் உந்து வண்டியினுடையது. முதலிரண்டையும் பற்றி எழுதியவர் பலர். மூன்றாவதைப் பற்றிய செய்திகளோ பெரும்பாலும் முதியோர் வாய்ப்பேச்சிலேயே தங்கிவிட்டன. ‘போர்டு’, ‘செவர்லே’, ‘டாட்ஜ்’, ‘பியூக்’ என்னும் பெயர்களை அவர்கள் உறவினர் பெயரைச் சொல்வதுபோல் சொல்லுவார்கள். அவை யாவும் அமெரிக்கப் பெயர்கள். இதிலே ஒரு புதிர் இருக்கிறது. மலாயா ஆங்கிலேயர் கொடி பறந்த நாடு. தோட்டத்தின் உரிமை லண்டன் கம்பெனியிடம் இருந்தது. துரை ஸ்காட்லாந்திலிருந்தோ இங்கிலாந்திலிருந்தோ வந்தவர். ரயில் எஞ்சினும் ஆற்றுப் பாலத்து இரும்பும் பிரிட்டனில் வார்க்கப்பட்டவை. அவ்வாறிருக்க, செம்மண் சடக்கில் புழுதி கிளப்பி வந்த வண்டி மட்டும் அமெரிக்கப் பெயர் தாங்கி வந்தது ஏன்?

வரியில் பிறந்த எஞ்சின்

விடையை மலாயாவில் தேடுவதைவிட லண்டன் பாராளுமன்றத்தில் தேடுவது நன்று. 1921ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து பிரிட்டனில் காருக்கு அதன் குதிரைச் சக்தியைக் கொண்டு வரி விதித்தார்கள். ஒரு குதிரைச் சக்திக்கு ஆண்டுக்கு ஒரு பவுன் என்பது கணக்கு. அந்தக் குதிரைச் சக்தியோ எஞ்சின் உண்மையில் தரும் ஆற்றல் அன்று. ஒரு சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை வர்க்கமாக்கி, சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, இரண்டரையால் வகுக்க வேண்டும். வருவதே வரிக்குரிய குதிரைச் சக்தி. சிலிண்டருக்குள் பிஸ்டன் எவ்வளவு தூரம் ஏறி இறங்குகிறது என்பது கணக்கில் வராது.

ஹென்றி போர்டின் புகழ்பெற்ற ‘மாடல் டி’ வண்டியை இக்கணக்கில் இட்டுப் பார்க்கலாம். சிலிண்டர் நான்கு, விட்டம் மூன்றேமுக்கால் அங்குலம். வர்க்கமாக்கினால் பதினான்கு சதுர அங்குலத்துக்குச் சற்று மேல்; நான்கால் பெருக்கி இரண்டரையால் வகுத்தால் 22½ வருகிறது. ஆண்டுக்கு 23 பவுன் வரி! 1922இல் வந்த ஆஸ்டின் செவன் என்னும் சிறு காருக்கு 8 பவுனே வரி. இதற்கு மேல், அயல்நாட்டுக் கார்களுக்கு 1915 முதல் மூன்றில் ஒரு பங்கு இறக்குமதித் தீர்வையும் இருந்தது. 1919இல் பிரிட்டனின் கார்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு போர்டு வண்டிகளாக இருந்த நிலை, இவ்வரிக்குப் பின் விரைவில் மாறியது.

ஆங்கிலேயப் பொறியாளர் வரிக்குத் தக்கபடி எஞ்சினை வரைந்தார்கள். சிலிண்டரைக் குறுக்கினார்கள், பிஸ்டன் ஓட்டத்தை நீட்டினார்கள். சமதரையான தார்ச் சாலையில் இருவர் மூவர் செல்வதற்கு அது போதும். மலாயாவிலோ சாலையின் இயல்பு வேறு. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. நகரத்தைவிட்டுச் சற்று அகன்றால் மேடும் பள்ளமும். வண்டியில் ஏறுவோரும் இருவர் மூவர் அல்லர். இங்கே வேண்டியவை தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் அச்சும், மெதுவாகச் சுழன்றாலும் இழுத்துச் செல்லும் பெரிய எஞ்சினும், எந்தக் கடையிலும் கிடைக்கும் உதிரிப் பாகமுமே. அவை யாவும் அமெரிக்க வண்டியிடம் இருந்தன. அமெரிக்காவின் நாட்டுப்புறச் சாலைகளும் அன்று மலாயாச் சடக்குகளைப் போன்றவையே. பேரரசின் தலைநகரம் தன் வருவாயைப் பெருக்க இயற்றிய ஒரு வரிச்சட்டம், பேரரசின் குடியேற்ற நாட்டுச் சாலைகளை அமெரிக்கருக்கு விட்டுக்கொடுத்துவிட்டது.

இங்கிலாந்து மக்களுக்கு அமெரிக்க வண்டிமேல் ஆசை இல்லாமற் போகவில்லை. மான்செஸ்டரை அடுத்த டிராபோர்டு பார்க்கில் 1911 முதலே போர்டு தொழிற்சாலை நடந்தது. 1931இல் அது டாகன்ஹாமுக்கு மாறியது. டாட்ஜ் லாரிகள் லண்டனை அடுத்த கியூவில் செய்யப்பட்டன. 1936இல் முடிதுறந்த எட்டாம் எட்வர்டு மன்னரே கனடாவில் கட்டிய பியூக் காரைத்தான் விரும்பி ஏறினார். ரோல்ஸ் ராய்ஸ் பிறந்த நாட்டில் அது சிலருக்கு மனத்தாங்கலாகவும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை வந்திறங்கியபோது ஜீப்பும் ஜி.எம்.சி. லாரியும் இங்கிலாந்தின் சிற்றூர்ச் சந்துகளையெல்லாம் நிறைத்தன. போர் முடிந்தபின் டயமண்ட் டி என்னும் பெருவண்டிகள், பழுதான லாரிகளை இழுக்கவும் கனத்த சரக்கை ஏற்றவும் பல்லாண்டு பயன்பட்டன. திருவிழா இராட்டினக்காரர்களும் இத்தகைய படை வண்டிகளை வாங்கி ஊர் ஊராக ஓட்டினர். இன்றும் அங்கே பழைய அமெரிக்க வண்டிகளைத் துடைத்து மெருகிட்டு ஓட்டிக் காட்டும் ஆர்வலர் பலர் உண்டு. இங்கிலாந்தில் அமெரிக்க வண்டி விருந்தாளி. மலாயாவிலோ அது அன்றாட வேலையாள்.

கனடா என்னும் வாயில்

‘அமெரிக்க வண்டி’ என்று சொல்லிவந்தாலும், மலாயாவுக்கு வந்தவற்றுள் பல அமெரிக்க ஐக்கிய நாட்டு மண்ணில் செய்யப்பட்டவை அல்ல. டெட்ராய்ட் நகரத்துக்கு எதிர்க்கரையில், ஆற்றைக் கடந்தால் கனடா. அங்கே 1904இல் கனடா போர்டு கம்பெனி தொடங்கப்பட்டது. பிரிட்டனும் அயர்லாந்தும் நீங்கலாகப் பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் போர்டு வண்டி விற்கும் உரிமை அதற்குக் கிடைத்தது. ஓட்டுநர் இருக்கையை வலப்புறம் அமைத்து மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அவர்கள் அனுப்பினார்கள். செவர்லேயும் பியூக்கும் கனடாவின் ஓஷாவா நகரத்தில் உருவாயின. 1932இல் ஒட்டாவாவில் கூடிய மாநாடு, பேரரசுப் பொருள்களுக்குத் தீர்வைச் சலுகை தரும் முறையை வகுத்தபோது, அமெரிக்க முதலும் அமெரிக்க வரைபடமும் கொண்ட வண்டி ‘பேரரசுப் பொருள்’ என்னும் பட்டத்தோடு உள்ளே நுழைந்தது. சட்டத்தின் கண்ணுக்கு அது கனடா வண்டி. ஓட்டியவன் கண்ணுக்கு அது அமெரிக்க வண்டியே.

சிங்கப்பூரில் 1906இல் வேர்ன் சகோதரர்கள் தொடங்கிய வாணிபம் போர்டு வண்டிகளை மலாயாவெங்கும் பரப்பியது. கோலாலம்பூரில் 1899இல் சுவா சகோதரர்கள் திறந்த ஒரு கடை, பின்னர் ‘சைக்கிள் அண்டு கேரியேஜ்’ என்னும் பெயரில் மிதிவண்டியும் மோட்டாரும் விற்கும் பெருநிறுவனமாக வளர்ந்தது. 1926இல் சிங்கப்பூரில் மலாயா போர்டு கம்பெனி அமைந்தது. கனடாவிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை அங்கே இணைத்து வண்டியாக்கினார்கள். அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி ஜாவாவின் தஞ்சோங் பிரியோக்கில் ஓர் இணைப்புச் சாலை தொடங்கியது. தமிழகத்திலும் அக்காலத்தில் இதே காட்சிதான். 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்ட டி.வி. சுந்தரம் ஐயங்கார், பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விற்பனையாளரானார். 1928இல் அக்கம்பெனி பம்பாயின் சீவ்ரியில் தொழிற்சாலை கண்டது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் சொந்தக் காரை ‘பிளஷர் கார்’ என்று சொன்னார்கள். இன்பத்துக்கான வண்டி என்னும் ஆங்கிலத் தொடர் தமிழ் நாவில் தேய்ந்து அப்படியாயிற்று. மலாயாத் தமிழரிடத்தில் அவ்வாறு இன்பத்தையும் வேலையையும் பிரித்துச் சொல்லும் சொல் எழவில்லை. எல்லாம் ‘காடி’தான், ‘லாரி’தான்.

மாடல் டி ஓட்டும் வித்தை

மாடல் டி 1908 முதல் 1927 வரை செய்யப்பட்டது. ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்தன. தொடக்கத்தில் 850 டாலராக இருந்த விலை, 1913இல் ஏற்படுத்திய நகரும் இணைப்பு வரிசையின் பயனாக, 1920களில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. இவ்வண்டியை ஓட்டக் கற்றவனுக்கு வேறு வண்டி ஓட்ட வராது. வேறு வண்டி ஓட்டியவன் இதில் ஏறினால் திகைப்பான். காலடியில் மூன்று மிதிகள் இருந்தன. இடப்புற மிதியை முழுதும் அழுத்தினால் மெதுவான கியர். விட்டுவிட்டால் விரைவான கியர். நடு மிதி பின்னோக்கிச் செல்வதற்கு. வலப்புற மிதி பிரேக். எண்ணெயைக் கூட்டவும் குறைக்கவும் காலுக்கு வேலையே இல்லை. அதற்குரிய சிறு கைப்பிடி, கையால் திருப்பும் சக்கரத்தின் கீழே இருந்தது.

எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்புறம் நின்று ஒரு கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். எஞ்சின் திடீரெனத் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். ஆகவே கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதே வண்டித் தொழிலின் முதற்பாடம். இன்னொரு பாடமும் உண்டு. எண்ணெய்த் தொட்டி இருக்கையின் கீழே இருந்தது. அதிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் தானாக வழிந்து வரவேண்டும். இறைத்துத் தரும் பம்பு இல்லை. செங்குத்தான மேட்டில் வண்டியின் முகம் உயர்ந்தால் எஞ்சின் தொட்டிக்கு மேலே போய்விடும், எண்ணெய் வராது. அப்போது வண்டியைத் திருப்பி நிறுத்தி, மேட்டைப் பின்னோக்கியே ஏறுவார்கள். பின்னோக்கும் கியருக்கு இழுவலிமையும் மிகுதி. மலைக்கு முதுகைக் காட்டி மலையேறும் வண்டியைக் கண்டு முதன்முறை பார்த்தவர் நகைத்திருப்பர். ஓட்டியவருக்கோ அது கணக்குத் தெரிந்த காரியம்.

1927இன் இறுதியில் மாடல் ஏ வந்தபோது மற்ற வண்டிகளுக்குரிய மிதிகளும் கியர்க் கம்பும் இதிலும் வந்துவிட்டன. பழகிய காலைப் பழையது மறக்கச் செய்ய வேண்டியதாயிற்று. 1929இல் செவர்லே, நான்கு சிலிண்டர் வண்டியின் விலைக்கே ஆறு சிலிண்டர் தருகிறோம் என்று பறைசாற்றிக்கொண்டு வந்தது. போர்டு அதற்கு மறுமொழியாக 1932இல் எட்டுச் சிலிண்டர் ‘வி8’ வண்டியை இறக்கியது. வரிக்காகக் குறுக்கப்பட்ட எஞ்சின்களோடு அவற்றை ஒரு மேட்டில் ஏறவிட்டுப் பார்த்தவர்கள், எதை வாங்குவது என்று நெடுநேரம் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தோட்டத்தில் லாரி வந்ததும் டிரைவர் என்னும் ஒரு புதிய ஆளும் வந்தார். அதுவரை லயத்தில் பிறந்த தமிழனுக்கு முன்னே இருந்த வழிகள் சில: பால் வெட்டுவது, களை எடுப்பது, ஸ்டோரில் வேலை பார்ப்பது, நல்லூழ் இருந்தால் கங்காணி ஆவது. கிராணி வேலைக்கு ஆங்கிலம் வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோ அதைத் தரவில்லை. டிரைவர் தொழிலுக்கு வேண்டியவை கண், காது, கை ஆகிய மூன்றே. எஞ்சின் ஒலியில் நோயறியும் காதுள்ளவனுக்கு எழுத்து குறைவாயிருந்தாலும் மதிப்பு வந்தது. மிதிபலகையில் தொற்றிக்கொண்டு வந்த கிளீனர்ப் பையன், தண்ணீர் ஊற்றியும் டயருக்கு ஒட்டுப் போட்டும் சில ஆண்டுகளில் டிரைவரானான். தமிழ்த் தொழிலாளர் தோட்டத்தை விட்டு நகர வாழ்வுக்கு ஏறிய படிகளுள் இதுவும் ஒன்று. வரலாற்று நூல்கள் இப்படியைப் பெரிதும் கண்டுகொள்ளவில்லை.

காலையில் ரப்பர்ச் சீட்டுக் கட்டுகளை ரயில் நிலையத்துக்கு ஏற்றிச் சென்ற அதே லாரி, நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றும். மறுநாள் அரிசி மூட்டை கொண்டுவரும். தைப்பூசம் வந்தால் வாழைமரம் கட்டிக்கொண்டு ஒரு லயம் முழுவதையும் பத்துமலைக்கு ஏற்றிச் செல்லும். செவர்லே என்றவுடன் முதியோர் முகம் மலர்வதற்குக் காரணம் எஞ்சினின் சிலிண்டர் எண்ணிக்கை மட்டுமன்று.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடும்பங்கள் இவ்வண்டிகளை அவ்வளவு அன்போடு பார்த்திருக்க மாட்டா. 1930களில் மலாய் ஐக்கிய நாடுகளின் ரயில்வே, பயணிகளைப் பஸ்ஸிடமும் சரக்கை லாரியிடமும் இழந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரில் ‘கொசு பஸ்’ என்று பெயர் பெற்ற ஏழு பேர் ஏறும் சிறு வண்டிகள், பெரும்பாலும் போர்டு அடிச்சட்டத்தின்மேல் மரக்கூடு கட்டியவை, நினைத்த இடத்தில் நின்று நினைத்த இடத்தில் புறப்பட்டன. ரயிலுக்கு அட்டவணை உண்டு, கொசுவுக்கு ஏது?

பால்மரம் போன வழி

இதுவரை சொன்னது வண்டி வந்த வழி. அவ்வண்டி உருள்வதற்கு வேண்டிய பொருள் சென்ற வழி இதற்கு நேர் எதிரானது. சிலாங்கூர்த் தோட்டங்களில் விடியுமுன் வெட்டிய பால், ஸ்டோரில் உறைந்து, உருளையில் தட்டையாகி, புகைக்கூடத்தில் பழுத்து, கட்டாகக் கட்டுண்டு ரயிலேறியது. உள்நாட்டுத் தோட்டங்களின் ரப்பர், கோலாலம்பூரையும் பிரிக்பீல்ட்ஸையும் கடந்து, 1901இல் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குச் சென்றது. 1972இல்தான் அதற்குக் கிள்ளான் துறைமுகம் என்னும் பெயர் வந்தது. அங்கிருந்து கடல் கடந்து, ஓஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரத்துக்கு. குட்இயர், பயர்ஸ்டோன், குட்ரிச் ஆகிய டயர் கம்பெனிகளின் ஊர் அது. 1920களில் உலகத்தில் விளைந்த ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவினுடையது. உலகத்து ரப்பரில் மூன்றில் இரண்டு பங்கை உண்டது அமெரிக்கா. உலகில் ஓடிய உந்து வண்டிகளில் ஐந்தில் நான்கு அந்த ஒரு நாட்டில் ஓடின. ஆகவே பால் வெட்டிய கூலியாளின் பிழைப்பு, அவன் கண்ணால் காணாத ஒரு நாட்டார் எத்தனை கார் வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்திருந்தது.

ஆங்கிலேய அரசு 1922இல் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்து ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1925இல் லண்டனில் ஓர் இராத்தல் ரப்பர் ஒருசமயம் 4 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. அமெரிக்கர் கொதித்தனர். அப்போது வாணிப அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர், டயரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று நாட்டுக்கு அறிவுரை கூறினார். பயர்ஸ்டோன் 1926இல் லைபீரியாவில் பத்து இலட்சம் ஏக்கருக்கு உரிமை பெற்றார். ஹென்றி போர்டு பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றங்கரையில் ‘போர்ட்லாண்டியா’ என்று ஒரு தோட்ட நகரத்தையே கட்டினார். ரப்பர் மரத்தின் தாய்நாடு பிரேசில். ஆயினும் அங்கே மரங்களை நெருக்கி நட்டவுடன் இலைநோய் பரவி அழித்தது. 1945இல் போர்டு கம்பெனி அதை விற்றுவிட்டு வெளியேறியது. கார் செய்வதில் ஈடற்ற அம்மனிதருக்குக் கிள்ளான் சமவெளியின் ஒரு சாதாரணத் தோட்டம் செய்த காரியம் கைகூடவில்லை.

1929இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 53 இலட்சம் உந்து வண்டிகளைச் செய்தன. பெருமந்தம் வந்து, 1932இல் அந்தத் தொகை 13 இலட்சமாயிற்று. ரப்பர் இராத்தல் 2 பென்சுக்கும் கீழே வீழ்ந்தது. தோட்டங்களில் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 1930இல் 40 காசாயிற்று. பின்னர் அதற்கும் கீழே போயிற்று. வேலையற்றவர்களைத் தாயகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். 1930 முதல் 1932 வரை அவ்வாறு கப்பலேறிய இந்தியர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர். டெட்ராய்டில் ஒரு தொழிற்சாலை கதவை மூடினால் திருச்சி மாவட்டத்து ஊர் ஒன்றில் வெறுங்கையோடு ஒருவன் வந்து நிற்கிறான். உலக வாணிபம் என்னும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

1941இல் நிலைமை தலைகீழாயிற்று. போர் அச்சத்தால் அமெரிக்கா ரப்பரை வாங்கிக் குவித்தது. விலை ஏறியது, கூலி அதற்குத் தக ஏறவில்லை. அவ்வாண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் முன்னின்றது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, கள்ளுக்கடை மூடல் ஆகிய கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது: துரைமாரும் தோட்டத்து அலுவலரும் எதிரே வரும்போது தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்னும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பதே அது. கூலிக் கோரிக்கையின் பக்கத்தில் இதை வைத்தவர்கள் அறிவற்றவர் அல்லர். காரில் வருபவன் எதிரே சைக்கிளில் வருபவன் இறங்கி நிற்பதா வேண்டாவா என்பது, அந்த டயர்கள் இரண்டுக்கும் பால் வெட்டியவனுடைய கேள்வி. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, ஐந்து தொழிலாளர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

போர்டு தொழிற்சாலையில் ஒரு மாலை

அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரின் புக்கிட் தீமாவில் போர்டு கம்பெனியின் புதிய தொழிற்சாலை திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவில் அதுவே முதல் போர்டு கார்த் தொழிற்சாலை. இரண்டு மாதத்துக்குள் ஜப்பானியர் கோத்தாபாருவில் இறங்கிவிட்டனர். அவர்களுடைய காலாட்படையில் ஒரு பகுதி மிதிவண்டியில் வந்தது; ஆங்கிலேயர் இட்ட நல்ல சடக்குகளே அவர்களுக்கு உதவின. 1942 ஜனவரி 5ஆம் நாள் அமெரிக்காவில் டயருக்குப் பங்கீடு தொடங்கியது. ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 15ஆம் நாள் மாலை அந்தப் போர்டு தொழிற்சாலையிலேயே ஜெனரல் பெர்சிவல் ஜெனரல் யமஷிதாவிடம் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மலாயாவில் ஆங்கிலேயரின் ஆட்சி ஓர் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலையில் முடிந்தது என்பதை மாணவர்களுக்குச் சொன்னால் எளிதில் மறக்கமாட்டார்கள்.

அமெரிக்கா தனக்கு வந்துகொண்டிருந்த ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கை இழந்தது. அந்நாட்டில் அவ்வாண்டு சொந்தக் கார் செய்வது நிறுத்தப்பட்டது. டயர் தேயாதிருக்க மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று ஆணை பிறந்தது. பெட்ரோல் பஞ்சமில்லாத மாநிலங்களிலும் டயரைக் காப்பதற்காகவே பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. கிள்ளான் தோட்டத்தின் பால்வாளி நின்றவுடன் அமெரிக்கச் சாலை மெதுவாயிற்று. அந்த மூன்றரை ஆண்டுகளில் பால்வாளியைக் கீழே வைத்த தமிழர்களின் கதி வேறு. பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர், மீளாதவர் பலர். மலாயாவில் எஞ்சிய வண்டிகளோ பெட்ரோல் இன்றி, முதுகில் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு, கரிப்புகையில் முனகி ஓடின.

டாலர் போன இடம்

போருக்குப் பின் மீண்டும் பால் வெட்டப்பட்டது. மீண்டும் அமெரிக்கா வாங்கியது. 1948இல் அமெரிக்கா இறக்குமதி செய்த ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயா அனுப்பியது. பிரிட்டிஷ் பேரரசில் டாலரை மிகுதியாக ஈட்டித் தந்த நாடு மலாயாவே. ஆனால் முன்போல் அமெரிக்க வண்டிகள் இங்கே திரளாக வரவில்லை. ஏன்? ஈட்டிய டாலர் லண்டனில் இருந்த பொதுத் தொகுதியில் சேர்ந்தது. போர்க் கடனில் மூழ்கியிருந்த பிரிட்டன் அதைக் கொண்டு தன் உணவையும் இயந்திரத்தையும் வாங்கியது. டாலர் நாட்டுப் பொருள்களுக்கு மலாயாவில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 1948இல் குதிரைச் சக்தி வரியையும் பிரிட்டன் கைவிட்டு, புதிய கார் எதுவாயினும் ஆண்டுக்கு 10 பவுன் என்றாக்கியது. வெளிநாட்டுச் சந்தையைப் பிடிக்க வேண்டுமானால் எஞ்சினை வரிக்காக வரைதல் கூடாது என்பது அப்போதுதான் புரிந்தது போலும். மோரிஸும் ஆஸ்டினும் ஹில்மனும் மலாயாச் சடக்குகளில் நிறைந்தன. அமெரிக்கக் கார் பணக்காரரின் மாளிகைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் உரியதாக உயர்ந்துவிட்டது. வேலையாள் விருந்தாளியானான்.

இந்தியாவில் அது வேறு வழியில் முடிந்தது. உள்நாட்டிலேயே முழு வண்டியையும் செய்ய முன்வராத கம்பெனிகளுக்கு இடமில்லை என்று இந்திய அரசு 1953இல் முடிவுகட்டியது. அடுத்த ஆண்டு போர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தொழிற்சாலைகளை மூடின. டாட்ஜ், பார்கோ லாரிகளைப் பம்பாய்ப் பிரிமியர் கம்பெனி தொடர்ந்து செய்துவந்தது.

தோட்டத்துக்குப் போருக்குப் பின் வந்த லாரிகளில் புகழ்பெற்றது பெட்போர்டு. அது லூட்டன் நகரத்து ஆங்கில வண்டி என்றே பலரும் கொண்டனர். உண்மையில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1925இல் லூட்டனிலிருந்த வாக்ஸ்ஹால் கம்பெனியை விலைக்கு வாங்கி, அங்கே இணைத்துவந்த செவர்லே லாரியையே திருத்தி 1931இல் பெட்போர்டு என்று பெயரிட்டது. முன்வாயிலால் வெளியேறிய செவர்லே பின்வாயிலால் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

போர் விட்டுச் சென்ற படை லாரிகளின் கதை இன்னும் சுவையானது. கனடாவில் போர்டும் செவர்லேயும் சேர்ந்து, பேரரசின் படைகளுக்கென நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட லாரிகளை ஒரே அமைப்பில் செய்திருந்தன. அமெரிக்க ஜி.எம்.சி. லாரிகளோ ஐந்து இலட்சத்துக்கும் மேல். போர் முடிந்ததும் உலகெங்கும் படை வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. மலாயாவில் வெட்டுமரத் தொழிலார் அவற்றை வாங்கி, கூண்டைக் கழற்றி, சட்டத்தைக் குறுக்கி, முன்னே எஃகுக் கயிறு சுருட்டும் உருளையைப் பொருத்தினர். காட்டுக்குள் வீழ்ந்த மரத்தை அக்கயிற்றால் இழுத்து, தானே முதுகில் ஏற்றிக்கொண்டு, பாதையில்லா மலைச்சரிவில் இறங்கிவரும் அவ்வண்டிக்குச் சீனத் தொழிலாளர் ‘சான் தாய் வோங்’ என்று பெயரிட்டனர். மலையரசன் என்பது பொருள். கதவு கிடையாது, சில வண்டிகளுக்குக் கூரையும் கிடையாது. எஞ்சின் ஒரு கம்பெனியுடையது, அச்சு இன்னொன்று, கியர்ப்பெட்டி மூன்றாவது. ஐந்தாறு ஆண்டுப் போருக்கெனச் செய்த வண்டிகள் இவ்வாறு உறுப்பு மாறி உறுப்பு மாறி, நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பகாங், பேராக் காடுகளில் மரம் இறக்கிக்கொண்டிருந்தன. புக்கிட் தீமாவின் போர்டு தொழிற்சாலை 1980இல் கதவை மூடியபோதும் அவை ஓட்டத்தை நிறுத்தவில்லை.